தலையெழுத்தும் புள்ளியும்

நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை என்பது பழமொழி. சேலையைப் பொறுத்தவரை அதில் குற்றம் காண்பதற்கில்லை. பிள்ளையைப் பொறுத்தவரையிலும் அது வெறும் பழமொழியாக நின்றிருந்தால் கேடில்லை. அது தீர்ப்பாக மாறிவிட்டதே கேடு. ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ்க் குடும்பம் திருமணப் பேச்சைத் தொடங்கும்போது சோதிடர் பத்துப் பொருத்தம் பார்க்கிறார். பதினோராவது பொருத்தம் ஒன்று உண்டு. அதைச் சோதிடர் பார்ப்பதில்லை. தரகர் வாயிலாகத் தாழ்ந்த குரலில் பார்க்கப்படுகிறது. “அந்த வீட்டில் யாருக்காவது சித்தம் கலங்கியதுண்டா?” என்பதே அப்பொருத்தம். பெண்ணின் சிற்றப்பா ஒருவர் முப்பதாண்டுகளுக்கு முன்னர்ச் சில திங்கள் தஞ்சோங் ரம்புத்தானில் இருந்தார் என்று தெரிந்தால் போதும். பத்துப் பொருத்தமும் பாழாகிவிடும்.

தஞ்சோங் ரம்புத்தான் பேராக் மாநிலத்துச் சிற்றூர். 1911ஆம் ஆண்டில் அங்கே மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அன்று முதல் அவ்வூரின் பெயரே ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. பள்ளித் திடலில் விளையாடும் சிறுவன்கூடத் தோழனை ஏசுவதற்கு அந்தப் பெயரை எடுக்கிறான். பிற்காலத்தில் மருத்துவமனைக்கு ‘பஹாகியா’ என்று பெயர் சூட்டினர். மலாய் மொழியில் அதற்கு மகிழ்ச்சி என்பது பொருள். பெயர் மாறியது, வசை மாறவில்லை.

மனநோய் இரத்தத்தில் ஓடுகிறது என்னும் இந்தக் கூற்றில் உண்மை எவ்வளவு? கொஞ்சம் உண்டு. மனச்சிதைவு நோயில் மரபின் பங்கு பெரிது என்பதை மருத்துவ உலகம் மறுக்கவில்லை. ஆயின் ஒரே கருவிலிருந்து பிரிந்து, ஒரே மரபணுக்களைக் கொண்டு பிறந்த இரட்டையருள் ஒருவருக்கு அந்நோய் வந்தால், மற்றவருக்கு வராதிருக்கும் வாய்ப்பே மிகுதி. தாய் தந்தையருள் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால், பிள்ளைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அது வரலாம். மற்ற ஒன்பதின்மருக்கு வருவதில்லை. அதுமட்டுமா? அந்நோயுற்றோருள் மிகப் பெரும்பாலோரின் பெற்றோர் இருவருமே அந்நோய் அறியாதவர்கள். இரத்தத்தைப் பார்த்து மணமகளை விலக்கும் தரகர், கணக்குப் பாடத்திலேயே தோற்றவராகிறார்.

தரகரோடு வழக்கு முடிந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இல்லை. அண்மைக் காலத்தில் அதே தீர்ப்பு அறிவியலின் அங்கவஸ்திரம் போர்த்தி மேடையேறியுள்ளது. “கித்தாக் காட்டில் வாங்கிய அடியும், சயாமில் கிடந்த பட்டினியும் மலேசியத் தமிழனின் மரபணுவில் எழுதப்பட்டுவிட்டன, அவன் குடிப்பதும், மனமுடைவதும், தன்னுயிரை மாய்த்துக்கொள்வதும் அதனால்தான், இஃது அறிவியல் நிறுவிய உண்மை” என்று பேச்சாளர் முழங்குகிறார். அவை உருகிக் கைதட்டுகிறது. பேச்சாளரின் உள்ளம் நல்லது. முன்னோர் பட்ட பாட்டை மறவாதே என்பதே அவர் விழைவு. எனினும் அவர் சொல்வது அறிவியல் சொன்னதன்று. சொன்னதற்கு நேர்மாறானது என்றே கூறலாம்.

மேலைநாட்டார் ‘எபிஜெனெட்டிக்ஸ்’ என வழங்கும் துறையை மேல்மரபியல் எனலாம். கான்ராட் வாடிங்டன் என்னும் ஆங்கில உயிரியலார் 1942இல் இச்சொல்லை ஆக்கினார். இன்று அது குறிக்கும் பொருளைத் தமிழாசிரியர்க்கு விளக்குவது மற்றவர்க்கு விளக்குவதைவிட எளிது. ஏனெனில் அவர்களுக்கு ஓலைச்சுவடி தெரியும். எழுத்தாணி அழுந்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் ஏடெழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. ‘பல’ என்று எழுதியிருந்தால் அது எண்ணிக்கையைக் குறிக்கும் ‘பல’வா, வாயிலுள்ள ‘பல்’லா என்று படிப்பவர்தாம் முடிவு செய்யவேண்டும். உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டில் இதுவும் ஒன்று. எழுத்து அதேதான், அதன் தலைமேல் ஒரு புள்ளி விழுந்தால் உயிரோசை அடங்கிவிடுகிறது, புள்ளியைத் துடைத்தால் ஒலிக்கிறது.

உடலின் உயிரணுக்களிலும் நடப்பது ஏறத்தாழ இதுவே. கண்ணின் உயிரணுவிலும் கல்லீரலின் உயிரணுவிலும் உள்ள மரபணு எழுத்து ஒன்றே. எந்த எழுத்து ஒலிக்கவேண்டும், எது அடங்கவேண்டும் என்பதை மெத்தில் எனப்படும் சிறு வேதிக் குறிகளும், மரபிழை சுற்றப்பட்டுள்ள ஹிஸ்டோன் புரதங்களில் நிகழும் மாற்றங்களும் வகுக்கின்றன. மெத்தில் விழுந்த இடமெல்லாம் ஓசை அடங்கிவிடும் என்று எண்ணிவிடலாகாது. இலக்கணத்தைவிட உயிரியலில் புறனடைகள் மிகுதி. ஆயினும் அடிப்படை அதுதான். இக்குறிகளுள் பல உணவாலும், நோயாலும், அச்சத்தாலும், அரவணைப்பாலும் மாறக்கூடியவை.

அரவணைப்பு என்பது இங்கே அணிக்காகச் சொன்ன சொல்லன்று. கனடா நாட்டு மொன்றியால் நகரில் மைக்கேல் மீனி, மோஷே சிஃப் ஆகியோரின் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு எலிகளைப் பற்றியது. தாயெலிகளுள் சில தம் குட்டிகளை மிகுதியாக நக்கிச் சீராட்டும். சில அவ்வளவாகச் செய்வதில்லை. சீராட்டப்பட்ட குட்டிகளின் மூளையில், ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியில், மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோனை உணர்ந்து அடக்கும் ஏற்பிக்கான மரபணுவின்மேல் மெத்தில் குறிகள் குறைவாக இருந்தன. அந்த எலிகள் வளர்ந்தபின் அச்சத்தைத் தாங்கின; அதிர்ச்சி நீங்கியதும் விரைவில் அமைதியுற்றன. சீராட்டப்படாதவை நெடுநேரம் நடுங்கின. இது தாய்வழி மரபுதானே என்று கேட்கலாம். ஆய்வாளர் குட்டிகளை மாற்றி வைத்தனர். சீராட்டாத தாய் ஈன்ற குட்டி, சீராட்டும் தாயிடம் வளர்ந்தபோது, வளர்த்தவளைப் போலவே ஆயிற்று. பழமொழி தலைகீழாயிற்று. வளர்ந்துவிட்ட எலிகளிலும் ஒரு மருந்தைச் செலுத்திக் குறிகளை மாற்ற முடிந்தது என்பதை அவ்வாய்வைக் குறிப்பிடுவோர் பலர் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர்.

எலி வேறு, மனிதன் வேறு. மனிதரிடத்து இத்தகைய ஆய்வு கடினம்; மூளையை உயிருடன் இருக்கும்போது அறுத்துப் பார்க்க இயலாது. தம்முயிரை மாய்த்துக்கொண்டோரின் மூளையை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த மொன்றியால் ஆய்வொன்று, இளமையில் கொடுமைக்கு ஆளானோரிடம் அதே மரபணுவில் குறிகள் மிகுந்திருக்கக் கண்டது. இளமையில் கொடுமையுறாது தற்கொலை செய்துகொண்டோரிடம் அம்மிகுதி இல்லை. மிகவும் எண்ணிப்பார்க்கத் தக்க செய்தி. ஆனால் ஆராயப்பட்டோர் பிரிவுக்குப் 12 பேர் மட்டுமே. பன்னிருவரை வைத்து ஓர் இனத்தின் சாதகத்தைக் கணிப்பது சோதிடம்.

இனி, பட்டினிக்கு வருவோம். மேடைப் பேச்சாளரின் உயிர்நிலை அங்கேதான் உள்ளது. 1944 செப்டம்பரில் ஆலந்து நாட்டு இரயில்வே ஊழியர் செய்த வேலைநிறுத்தத்திற்குப் பழிவாங்க, செருமானியப் படை மேற்கு ஆலந்துக்குச் செல்லும் உணவை மறித்தது. அந்தக் குளிர்காலத்தில் ஆம்ஸ்டர்டாம் மக்கள் ஒரு நாளைக்கு 400 முதல் 800 கலோரி உணவில் உயிர் தாங்கினர். பட்டினியின் உச்சத்தில் கருவுற்றுப் பிறந்தவர்களிடம் பிற்காலத்தில் மனச்சிதைவு ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டது. சீனாவில் 1959 முதல் 1961 வரை நிலவிய பெரும்பஞ்சத்தில் அன்ஹுய் மாநிலத்து வூஹு பகுதியில் பிறந்தோரை ஆய்ந்தவர்களும் 2005இல் இதே கணக்கைக் கண்டனர். ஆலந்துப் பட்டினிக் காலத்தில் கருவானோரை அவர்களுடைய உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வு, அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் வளர்ச்சிக்குரிய ஒரு மரபணுவின்மேல் மெத்தில் குறிகள் குறைந்திருப்பதைக் காட்டியது. பட்டினி உடலில் எழுதுகிறது என்பது இவ்வளவில் மெய்.

ஆனால் எவருடைய உடலில்? பட்டினி கிடந்த தாயின் கருவில் இருந்தவரின் உடலில். கருவிலுள்ளது பெண்ணாயின் அதனுள்ளே பிற்காலத்துப் பிள்ளைகளுக்கான முட்டையணுக்களும் அப்போதே உருவாகிவிடுகின்றன. ஆக, ஒரு பெண்ணின் பட்டினி மூன்று தலைமுறையை நேரே தொடக்கூடும். இது வழிவழியாக இறங்கும் மரபு ஆகாது. ஒரே அடி மூவர்மேல் விழுவது. அதற்கப்பால் இறங்குவதற்குத் தடை இருக்கிறது. பாலூட்டிகளில் விந்தும் முட்டையும் உருவாகும்போது ஒருமுறையும், கருவுற்ற உடனே மறுமுறையும் இக்குறிகளுள் பெரும்பாலானவை துடைக்கப்படுகின்றன. பிள்ளைக்கு ஏடு கொடுக்குமுன் இயற்கை பழைய புள்ளிகளை அழித்தே கொடுக்கிறது. சிலவற்றை விட்டுவிடுகிறது என்பதும் உண்மையே. அச்சில மனிதரிடத்துத் துயரத்தைச் சுமந்து செல்கின்றன என்பது நிறுவப்படவில்லை. ரேச்சல் யெஹூதாவும் உடனாய்வாளரும் நாசிக் கொடுமையிலிருந்து மீண்ட யூதர்களையும் அவர்தம் மக்களையும் ஆய்ந்து எழுதிய கட்டுரை உலகெங்கும் முழக்கப்பட்டது. அதில் இடம்பெற்ற மீண்டோர் 32 பேர்; அவர்தம் மக்கள் 22 பேர். பார்க்கப்பட்டதோ மூளையன்று, குருதி. வளர்ப்பின் விளைவையும் மரபின் விளைவையும் அதில் பிரிக்க இயலாது என்று அறிஞர் பலர் அப்போதே எடுத்துக்காட்டினர்.

பேச்சாளர் சயாமைப் பற்றிப் பேசட்டும். பேசத்தான் வேண்டும். 1941 டிசம்பர் 11இல் ஜார்ஜ் டவுன்மீது சப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. ஆண்டுகொண்டிருந்த வெள்ளையர் சில நாளில் இரவோடிரவாக வெளியேறினர். ஊர் மக்களிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, இனிக் குண்டு போடவேண்டா என்று வானொலியில் அறிவித்தவர் ‘ஸ்திரேய்ட்ஸ் எக்கோ’ ஏட்டின் ஆசிரியர் எம். சரவணமுத்து என்னும் தமிழர். அடுத்த ஆண்டு — வாடிங்டன் இங்கிலாந்தில் அமர்ந்து சொல்லாக்கிக்கொண்டிருந்த அதே 1942இல் — சயாம் பர்மா இரயில் பாதை வேலை தொடங்கிற்று. 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் பாதை இணைந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். கொண்டுசெல்லப்பட்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 2 இலட்சம் என்றும், மாண்டோர் 90,000 வரை இருக்கலாம் என்றும் மதிப்பிடுவர். ஆடவர் போன லயங்களில் பெண்டிரும் பிள்ளைகளும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று காத்திருந்தனர். ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதியதும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதியதும் இந்த இழப்பைத் தமிழ் மறந்துவிடக் கூடாதென்றே.

இங்கேதான் கேட்கவேண்டிய கேள்வி இருக்கிறது. பேச்சாளர் அதைக் கேட்பதில்லை. ஆலந்துப் பட்டினியின் விளைவு எப்படித் தெரிய வந்தது? ஆம்ஸ்டர்டாம் மருத்துவமனைகள் பிறப்புப் பதிவேடுகளைப் பேணின. படையில் சேர்ந்த இளைஞரின் உடல்நிலைக் குறிப்புகள் இருந்தன. மனநோய்ப் பதிவேடு இருந்தது. எவர் எந்தத் திங்களில் கருவானார் என்று திரும்பிப் பார்க்க முடிந்தது. சயாமிலோ, மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கு மேற்பட்டோருக்குக் காஞ்சனபுரியிலும் தன்பியூசயாட்டிலும் கல்லறைத் தோட்டங்கள் உள்ளன. கற்களில் பெயர் பொறித்திருக்கிறது. ஆசியத் தொழிலாளருக்கு அத்தகைய முழுப் பெயர்ப் பட்டியல் இல்லை. எழுதப்படாதது மரபணுவில் அன்று, பதிவேட்டில். பெயரையே எழுதாமல் விட்டவர்களைப் பார்த்துக் கேட்கவேண்டிய கணக்கைப் பேச்சாளர் பேரப்பிள்ளைகளின் குருதியில் தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்பேச்சினால் விளையும் கேட்டையும் எண்ணவேண்டும். துயரம் மரபணுவில் உறைந்துவிட்டது என்றால், தரகர் கேட்ட கேள்விக்குப் பேச்சாளர் சான்றொப்பம் இட்டவராகிறார். ஒரு வீட்டின்மேல் இருந்த கறை ஓரினத்தின்மேல் பூசப்படுகிறது. குடும்பத்தை அடிக்கும் குடிகாரனுக்குத் தாத்தா பட்ட பாடு சாக்காகிறது. தோட்டம் துண்டாடப்பட்டு வீடிழந்த குடும்பம் நெரிசலான அடுக்குமாடியில் படும் பாட்டுக்கு, இன்றைய கூலிக்கும் இன்றைய வாடகைக்கும் பொறுப்பானவர்கள் பதில் சொல்ல வேண்டாதாகிறது. 1942 பதில் சொல்லிக்கொள்ளும்! எல்லாவற்றினும் கொடியது, பழி பெண்ணின்மேல் இறங்குவது. கருவில் எழுதப்படுகிறது என்று சொன்ன மாத்திரத்தில், கருவைச் சுமந்தவள் என்ன தின்றாள், ஏன் அழுதாள் என்ற விசாரணை தொடங்கிவிடுகிறது. அவளை அழவைத்தவர் யார் என்று எவரும் விசாரிப்பதில்லை. சாரா ரிச்சர்ட்சனும் உடனாய்வாளரும் 2014இல் ‘நேச்சர்’ இதழில், தாய்மாரைப் பழிப்பதை நிறுத்துக என்றே எழுத நேர்ந்தது. மாமியார் கையில் கிடைத்த புதிய அகப்பையாக ஓர் அறிவியல் துறை ஆகிவிடலாகாது.

மேல்மரபியலில் மெய்யாகவே உவகை தரத்தக்க பகுதி ஒன்று உண்டு. அது தாங்கும் ஆற்றலைப் பற்றியது. ருமேனியாவில் அநாதை விடுதிகளில் கேட்பாரற்றுக் கிடந்த குழந்தைகள் 136 பேரை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வாளர் சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்தனர். ஒரு பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றனர். இவ்வாறு பிரித்தது அறமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை, ஓயவும் கூடாது. குடும்பத்திற்குச் சென்ற குழந்தைகள் பேச்சிலும் அறிவிலும் பற்றுப்பாசத்திலும் தேறினர். இரண்டு வயதுக்கு முன்னரே சென்றவர்கள் நன்கு தேறினர். தீட்டியவை எல்லாம் துடைக்கப்பட்டன என்றில்லை. காலம் கடந்தால் துடைப்பது கடினம் என்பதும் அதில் தெரிகிறது. ஆதலின் அவ்வாய்வு தரும் செய்தி ஆறுதலோடு அவசரமும் கலந்தது.

அவசரம் முதலில் உறைக்கவேண்டிய இடம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அறை. “அவன் அப்பனைத் தெரியாதா? அந்த வீட்டுப் பிள்ளை வேறு எப்படி இருக்கும்?” என்று தேநீர் வேளையில் உதிரும் சொல்லுக்கு எடை இல்லை என்று சொன்னவர் எண்ணுகிறார். அடுத்த ஆண்டு ஆசிரியருக்கு அச்சொல் வகுப்புப் பட்டியலோடு கைமாறுகிறது. மூன்றாம் ஆண்டில் பையனுக்கே அது தெரிந்துவிடுகிறது. அதன்பின் அவன் திடுக்கிட்டு எழுவதையும், பாடத்தில் மனம் பதியாதிருப்பதையும், காரணமின்றிச் சண்டையிடுவதையும் நோயின் அறிகுறியாகப் பார்ப்பார் இல்லை. குலத்தின் குணமாகவே பார்ப்பர். வீட்டில் அடிபடும் பிள்ளைக்குப் பள்ளியில் ஒருவர் நாள்தோறும் முகங்கொடுத்துப் பேசுவது எவ்வளவு என்று அளக்கும் கருவி ஆசிரியரிடம் இல்லை. அளவு தெரியவில்லை என்பதால் அது சிறிதென்று கொள்வதற்கில்லை. மொன்றியால் எலிக்கும் தன்னை நக்கிய நாவின் அளவு தெரியாது.

நாடு சிறிது அசைந்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வு, பதினாறு வயதுக்கு மேற்பட்டோருள் 4.6 விழுக்காட்டினர் மனச்சோர்வு நோயுற்றிருப்பதாகக் கண்டது; 2019இல் அது 2.3 விழுக்காடு. நான்கு ஆண்டில் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடுவதில்லை. எண்ணிக்கையை இருமடங்காக்கியது எதுவாயினும் அது முப்பாட்டனின் முதுகில் இல்லை.

மருந்துண்டு; மருத்துவர் உண்டு; பினாங்கு பொது மருத்துவமனையில் மனநலப் பிரிவும் உண்டு. அதன் வாயிலில் உறவினர் எவரும் கண்டுவிடுவாரோ என்று தலைகுனிந்து நிற்பவரை நிறுத்தி வைத்திருப்பது பதினோராவது பொருத்தம். தங்கைக்கு வரன் வந்திருக்கிறது, நிச்சயதார்த்தம் முடியும் வரை ஆசுபத்திரிப் பக்கம் போகாதே, மாத்திரைப் பையை அலமாரியில் வைக்காதே என்று தமையனுக்குத் தாயே சொல்லும் வீடுகள் இருக்கின்றன. அவன் தங்கைக்காக நிறுத்துகிறான். சில திங்களில் நோய் திரும்புகிறது. மணப்பந்தலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர்: “இரத்தத்தில் இருந்ததுதானே!”